பாட்டி காலத்துக் கல்யாணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"வின்டேஜ் தீம்ல கல்யாணம் வைக்கப் போறோம்" என்று சொன்னாலே பலருக்குக் கண்முன் வருவது ஒரு துருப்பிடித்த சைக்கிள், அதன் கூடையில் துணி ரோஜா, பக்கத்தில் பாடாத கிராமபோன். மூன்று நாள் வாடகைக்கு எல்லாம் கிடைக்கும். இங்கே பேசப்போவது அந்த அலங்காரத்தைப் பற்றி அல்ல. உறவிலும் நட்பிலும் சில கல்யாணங்களுக்குக் கூடவே ஓடியாடியதில், திரும்பத் திரும்ப என்னிடம் வந்த கேள்விகளும் நான் சொன்ன பதில்களும் இவை. எல்லாம் தமிழ்நாட்டில் தாலி கட்டி நடக்கும் கல்யாணங்களை வைத்துச் சொன்னவை.

பழைய பாணி என்றால் எந்தக் காலத்தைச் சொல்கிறீர்கள்?

இதை முடிவு செய்யாமல் வேறு எதையும் தொடாதீர்கள். 1940-களின் கல்யாணம் பெண் வீட்டு வாசலில் பந்தல் போட்டு நாள்கணக்கில் நடந்தது. மாப்பிள்ளை வேட்டிக்கு மேல் கோட்டும் தலைப்பாகையுமாக நிற்பார். 1960-களில் சத்திரம் வந்துவிட்டது, ட்யூப் லைட் வந்துவிட்டது, மாப்பிள்ளை அழைப்புக்குப் பெரிய பிளைமவுத் கார், சாயங்காலம் ரிசப்ஷனில் பாட்டுக் கச்சேரி. 1980-களுக்கு வந்தால் கேசட், வீடியோ, அந்த வீடியோவில் ஆப்பிள் பழத்துக்குள் சுழலும் மணமக்கள். இப்போது கல்யாணம் செய்துகொள்ளும் வயதில் இருப்பவர்களுக்கு அந்த ஆப்பிளும் பழசுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் மூன்றையும் ஒரே மேடையில் கொட்டினால் மாறுவேடப் போட்டி மாதிரி ஆகிவிடும்.

என் யோசனை இதுதான். காலத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள், ஒரு கல்யாணத்தைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் தாத்தா பாட்டி கல்யாணம், இல்லையென்றால் பெரிய அத்தை கல்யாணம். அன்றைக்கு என்ன பாயசம், யார் நாதஸ்வரம், புடவை என்ன நிறம், மழை பெய்ததா என்று கேட்டால் சொல்வதற்கு அங்கே இருந்த யாராவது ஒருவர் இருப்பார். "1960-கள்" என்று பொதுவாகக் கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது.

ஒரு சின்ன அதிர்ஷ்டமும் இருக்கிறது. தமிழ் வருஷங்கள் 60-க்கு ஒருமுறை சுற்றி வருகின்றன. 2026 ஏப்ரல் 14-ல் தொடங்கும் வருஷம் பராபவ. 1966 சித்திரையில் தொடங்கியதும் அதே பராபவ. தாத்தா பாட்டிக்கு அந்த வருஷம் கல்யாணம் ஆகியிருந்தால், உங்கள் பத்திரிகையிலும் அவர்கள் பத்திரிகையிலும் வருஷத்தின் பெயர் ஒன்றாகவே இருக்கும்.

எங்கள் வீட்டில் பழைய ஆல்பமே இல்லை. எதை வைத்துத் தொடங்குவது?

ஆல்பம் இல்லாவிட்டால் எவர்சில்வர் பாத்திரங்களைத் திருப்பிப் பாருங்கள். அந்தக் காலத்தில் சீராகவும் மொய்யாகவும் வந்த குடம், தூக்கு, தாம்பாளம் எல்லாவற்றிலும் பெயரும் தேதியும் வெட்டியிருப்பார்கள். பரணில் மொய் நோட்டு கிடைத்தால் பெரிய புதையல்: எந்த ஊரிலிருந்து யார் வந்தார்கள், ஐந்து ரூபாயா பதினோரு ரூபாயா என்று வரிசையாக இருக்கும். கண்ணாடிச் சட்டம் போட்ட வாழ்த்து மடல் ஏதாவது சுவரில் தொங்குகிறதா என்றும் பாருங்கள். நண்பர்கள் சேர்ந்து வெண்பாவோ விருத்தமோ எழுதி, அச்சடித்து, மேடையில் வாசித்துக் கொடுப்பது அன்றைக்கு வழக்கம். அதில் தேதி, இடம், வாசித்தவர்கள் பெயர் எல்லாம் இருக்கும்.

அப்புறம் பாட்டியிடம் உட்காருங்கள். "கல்யாணம் எப்படி நடந்துச்சு?" என்று கேட்டால் "நல்லா நடந்துச்சு" என்பார், அவ்வளவுதான். "உங்களுக்குத் தலை பின்னிவிட்டது யாரு?" என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு மணி நேரம் ஓடும்.

எத்தனை மாதத்துக்கு முன் தொடங்க வேண்டும்?

கையால் செய்கிற எதுவும் அவசரத்துக்கு வராது. தறியில் சொல்லி நெய்யும் புடவை, பெயர் போட்ட பாய், அச்சுக்கோத்த பத்திரிகை மூன்றும் வேண்டுமென்றால் ஆறு மாதம் குறைவு. முகூர்த்த மாதங்களில் நல்ல மேளக்காரர்களும் சமையல்காரர்களும் முதலிலேயே பதிவாகிவிடுவார்கள். ஆகவே தேதி குறித்ததும் போக வேண்டியது மண்டபத்துக்கு, மேளத்துக்கு, சமையலுக்கு. கிராமபோன் கடைசி வாரத்தில்கூடக் கிடைக்கும்.

செட்டிநாட்டு வீட்டில் வைத்தால்தான் பழைய பாணியா?

இல்லை. உங்கள் வீட்டுக் கல்யாணம் திருநெல்வேலித் தெருவில் நடந்திருந்தால் காரைக்குடி உங்களுக்கு எதற்கு? ஆனால் அந்த வீடுகளின் கவர்ச்சி எனக்கும் தெரியும். பர்மா தேக்குத் தூண்கள், ஆத்தங்குடித் தரை, நடுவில் வானம் தெரியும் வளவு. அந்த வளவே கல்யாணம் காட்சிக்கென்று கட்டியது. ஓமப்புகை நேராக மேலே போய்விடும், சுற்றிலும் உள்ள தாழ்வாரத்தில் நூறு பேர் உட்காரலாம், வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் பந்தி. மண்டபக்காரர்கள் ஏசியும் புகைபோக்கியும் வைத்துச் சமாளிப்பதை ஒரு முற்றம் சும்மா செய்துவிடுகிறது.

கவனிக்க வேண்டியவை சில உண்டு. பல வீடுகள் ஒருவருக்குச் சொந்தமல்ல, பங்காளிகள் பலருக்குச் சொந்தம். ஒருவர் சரி சொன்னதை நம்பி முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். சுவரில் ஆணி அடிக்க விடமாட்டார்கள், விடவும் கூடாது. ஆத்தங்குடிக் கல் கண்ணாடிப் பலகைமேல் நிறச் சிமெண்டை ஊற்றி ஒவ்வொன்றாகக் கையால் வார்ப்பது. சூளையில் சுடுவதில்லை, அதனால் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். குத்துவிளக்குக்குக் கீழே அகலமான தாம்பாளம் கட்டாயம். திருச்சி விமான நிலையத்திலிருந்து காரைக்குடி சுமார் 90 கிலோமீட்டர், வயதானவர்களை எப்படி அழைத்துப்போவது என்றும் யோசியுங்கள்.

வீடு கிடைக்காவிட்டால் சாதாரண மண்டபத்தையே எடுத்துக்கொண்டு, மேடையில் இருக்கும் தெர்மாகோல் வளைவையும் சிம்மாசனத்தையும் அகற்றச் சொல்லுங்கள். வாசலில் குலை தள்ளிய வாழை, தென்னங்குருத்துத் தோரணம், பாக்குக் குலை, செவ்விளநீர்க் குலை, மணவறையில் பாய். பாதி வேலை முடிந்தது. தாமிரபரணிக் கரைப் பத்தமடையில் கோரைப்புல்லை மெல்லிசாகக் கிழித்து, மணமக்கள் பெயரையும் தேதியையும் பாயிலேயே நெய்து தருகிறார்கள். ஒரே ஒரு பொருளுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் நான் அந்தப் பாயைத்தான் வாங்குவேன்.

உண்மையான கீற்றுப் பந்தல் போடலாமா?

வாசலில், திறந்த வெளியில், மின்சாரமே போகாமல் போடலாம். கீற்றுக்கு அடியில் மணவறை வைத்து, அதற்குமேல் சீரியல் லைட் ஓட்டுவது வேண்டவே வேண்டாம். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கீற்றுக் கூரை தீப்பிடித்து மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வீடியோ எடுக்க இழுத்த மின்கம்பிதான் காரணமாகச் சொல்லப்பட்டது. பந்தலின் அழகில் பெரும்பங்கு அதன் அடியில் கட்டும் வெள்ளைத் துணியும் காகிதத் தோரணமும்தான். தகரப் பந்தலுக்கு அடியில் வெள்ளைத் துணி கட்டினாலும் அதே வெளிச்சம் கிடைக்கும். மழை வந்தாலும் கவலையில்லை.

பெட்ரோமாக்ஸ் விளக்கு கேட்பவர்களுக்கும் அதே பதில். கூட்டில் மட்டும் எல்இடி பல்பைப் போட்டு வாசலில் வரிசையாக மாட்டுங்கள். 'உஸ்' என்ற சத்தம் மட்டும்தான் இருக்காது.

பாட்டியின் கூறைப்புடவையை நான் முகூர்த்தத்துக்குக் கட்டலாமா?

கட்டலாம், ஆனால் முதலில் புடவையைக் கேட்க வேண்டும். பட்டு ஐம்பது வருஷம் ஒரே மடிப்பில் கிடந்தால் அந்த மடிப்பிலேயே இற்றுப்போகும். பகல் வெளிச்சத்தில் ஜன்னலுக்கு நேரே விரித்துப் பிடியுங்கள். மடிப்புக் கோடு முழுக்கப் புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரிந்தால், கொசுவம் வைத்துச் செருகும்போதே கிழியும். மெதுவாக இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். 'சர்' என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கட்டும் நிலையில் இருந்தால் உள்பக்கம் மெல்லிய வலைத்துணி வைத்துத் தைக்கச் சொல்லலாம். அக்கினி சுற்றி வருவது, அட்சதை மஞ்சள், அழுத மூக்கு எல்லாவற்றையும் முகூர்த்தப் புடவை தாங்க வேண்டும். அதனால் பழைய புடவையை நலங்குக்கோ ஊஞ்சலுக்கோ ஒரு மணி நேரம் கட்டிக்கொண்டு, முகூர்த்தத்துக்குப் புதுசு கட்டுவதுதான் புத்திசாலித்தனம். கட்டவே முடியாத நிலையா? கரையையும் முந்தானையையும் எடுத்து ரவிக்கையில் வைத்துத் தைக்கலாம். வெட்டுவதற்கு முன் வீட்டில் எல்லாரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எங்கள் உறவில் ஒரு அத்தை இதற்காக இரண்டு வருஷம் பேசாமல் இருந்தார்.

'கூறை' என்ற பெயரே மயிலாடுதுறையை ஒட்டிய கூறைநாட்டுத் தறிகளோடு சேர்த்துச் சொல்லப்படுவது. பழைய கூறை ஒன்பது கஜம், அதாவது பதினெட்டு முழம். இன்றைய ஆறு கஜக் கட்டுக்குப் பழகியவர்கள் கல்யாணத்துக்கு முன் நாலைந்து முறையாவது கட்டி உட்கார்ந்து எழுந்து பழகுங்கள்.

புதுசாகவே எடுக்கிறோம். கடையில் என்ன கேட்பது?

கோர்வை என்று கேளுங்கள். உடலையும் கரையையும் தனித்தனி நாடாவில் (தறியில் ஊடு நூலைக் கொண்டு ஓடும் கட்டை) ஓட்டி, பல் பல்லாகக் கோத்து நெய்வது. மூன்று நாடா ஓடும், பக்கத்தில் உதவிக்கு ஒரு ஆளும் வேண்டும், ஆகவே விலையும் ஏறும். நிறத்தில் அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, மயில்கழுத்து, எம்.எஸ். நீலம். பீச், லாவண்டர், பேஸ்டல் என்று கடைக்காரர் ஆரம்பித்தால் காபி மட்டும் குடித்துவிட்டு வந்துவிடுங்கள். மணப்பெண்ணைச் சுற்றி நிற்கும் பெண்களுக்குக் காரைக்குடிக் கண்டாங்கியோ மதுரைச் சுங்குடியோ எடுக்கலாம். பட்டைவிட எத்தனையோ மலிவு, ஆளுக்கு ஒரு நிறம் வரும், அப்புறம் வீட்டிலும் கட்டுவார்கள்.

ரவிக்கைதான் காலத்தைக் காட்டிக்கொடுக்கும். 1940-களுக்குப் பஃப் கை, 1960-களுக்கு முழங்கை வரை வரும் இறுக்கமான கை. முதுகில் மயில், யானை, மணமக்கள் முகம் என்று எம்பிராய்டரி போட்டுவிட்டுப் பழைய பாணி என்று சொல்லாதீர்கள்.

நகை?

பெரும்பாலும் இரவல் வாங்குவதே போதும். ராக்கொடி, நெற்றிச்சுட்டி, கெம்புக்கல் அட்டிகை, காசுமாலை, வங்கி, ஒட்டியாணம் எல்லாம் ஏதாவது ஒரு பெரியம்மாவின் லாக்கரில் தூங்கிக்கொண்டிருக்கும். சடைக்குத் தங்கம் வேண்டியதில்லை, தாழம்பூ வைத்துப் பூத்தைத்துவிட்டால் போதும். ஆனால் பூத்தைக்கத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள், முன்கூட்டியே தேடுங்கள்.

1963-ல் கொண்டுவந்த தங்கக் கட்டுப்பாட்டில், 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது என்று விதி இருந்தது. சில ஆண்டுகள் அது நீடித்தது. அந்தக் காலத்துக் கல்யாண நகை கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தால் பாட்டன் ஏமாந்துவிட்டார் என்று பேசாதீர்கள்.

மாப்பிள்ளைக்கு என்ன?

பட்டு வேட்டி, அங்கவஸ்திரம், ரிசப்ஷனுக்குக் கோட்டு. கையில் சாவி கொடுக்கும் எச்.எம்.டி. கடிகாரம் ஒன்று. பெங்களூரில் 1961-ல் உற்பத்தி தொடங்கியதிலிருந்து மாமனார் போடும் கடிகாரம் என்றால் பல வீடுகளில் அதுதான். தாத்தாவுடையது மேசையில் நின்றுபோய்க் கிடக்கும், ரிப்பேர் செய்தால் ஓடும்.

பத்திரிகையைப் பழைய மாதிரி அடிக்க முடியுமா?

எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. பழைய பத்திரிகையில் அலங்காரம் ஒன்றும் கிடையாது: ஒற்றைத் தாள், மேலே சிறியதாகப் பிள்ளையார், நான்கு மூலையிலும் மஞ்சள். எல்லாம் எழுத்திலும் நடையிலும்தான். "நிகழும் மங்களகரமான பராபவ வருஷம்" என்று தொடங்கி, லக்கினம் வரை ஒரே வாக்கியமாக இழுத்து, "தாங்கள் சுற்றம் சூழ வந்திருந்து மணமக்களை ஆசீர்வதிக்கும்படி" என்று முடியும். ஒரே வாக்கியம், மூச்சுவிட இடமில்லை. அதைச் சுருக்கிவிடாதீர்கள், அதுதான் ருசி. சில பத்திரிகைகளில் வருஷம், மாதம், தேதி மூன்றுக்கும் எழுத்து கிடையாது, குறிகள்தான்: ௵, ௴, ௳. இன்றைய கணினியிலேயே இந்த மூன்றும் இருக்கின்றன.

அப்புறம் எழுத்து வடிவம். தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் 1978-ல் வந்தது. அதற்கு முன்னால் லை, னை, ணை எல்லாவற்றுக்கும் யானைத் தும்பிக்கை மாதிரி வளைந்த கொம்பு. றா, னா, ணா மூன்றும் கால் இல்லாமல் சுழித்துக்கொண்டிருக்கும். 1966-ஐப் பிடிக்கிறோம் என்று சொல்லிவிட்டு இன்றைய லை போட்டால், தமிழாசிரியர் யாராவது வந்தால் பிடித்துவிடுவார். பழைய வடிவம் உள்ள எழுத்துருக்கள் கிடைக்கின்றன. ஈய எழுத்துக் கோத்து அச்சடிக்கும் அச்சகம் உங்கள் ஊரில் இன்னும் இருந்தால் அங்கேயே போங்கள், தாளின் பின்பக்கம் தடவினால் எழுத்து விரலில் படும். ஐம்பது மட்டும் அங்கே அடித்து நேரில் கொடுக்கும் பெரியவர்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள், மற்றவர்களுக்கு அதையே படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.

பெயர்களில் மட்டும் மாற்றம் செய்யுங்கள். பழைய பத்திரிகையில் அம்மா பெயர் பல சமயம் இருக்காது. உங்களுடையதில் இருக்கட்டும்.

இசைக்குக் கிராமபோன் வைக்கலாமா?

வேடிக்கைக்கு வைக்கலாம். 78 சுற்று இசைத்தட்டு ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம்தான் ஓடும். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஊசியை மாற்ற வேண்டும், சாவி முறுக்க வேண்டும். அரக்கில் செய்த தட்டு கைதவறினால் போச்சு. ஒரு கல்யாணத்தில் ஆசையாக நடு ஹாலில் வைத்தோம், மூன்றாவது வரிசையைத் தாண்டி ஒன்றும் கேட்கவில்லை. குழந்தைகள் மட்டும் சுற்றி நின்று, இசைத்தட்டுப் படத்தில் கிராமபோன் முன்னால் உட்கார்ந்திருக்கும் நாய் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பணத்தையும் சேர்த்து நாதஸ்வரத்துக்குக் கொடுங்கள். நல்ல செட் என்றால் இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், தாளம், சுருதி. உயரத்தில் பிளிறும் பழைய திமிரி, கொஞ்சம் நீண்டு கனத்துப் பேசும் பாரி என்று நாதஸ்வரத்தில் இரண்டு வகை உண்டு. பாரியைப் பரப்பியவர் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை, 1956-ல் மறைந்தார். கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில் நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரத்தை ஆச்சா மரத்தில் கடைந்து செய்கிறார்கள், 2022-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. வாசிக்க வருபவர்களிடம் சினிமாப் பாட்டுப் பட்டியலை நீட்டாதீர்கள். மாப்பிள்ளை அழைப்புக்கு ஒரு மணி நேரம் அவர்கள் இஷ்டத்துக்குத் தோடியோ காம்போதியோ வாசிக்கவிட்டு, மைக்கை மட்டும் தூர வையுங்கள். தவிலுக்கு மைக் வைத்தால் பக்கத்தில் பேச முடியாது. பேசத்தானே எல்லாரும் வருகிறார்கள்.

மதியத்துக்குமேல் பழைய சினிமாப் பாட்டு போடுவதில் தவறில்லை. கல்யாணத்தில் ஒலிக்கும் பாட்டுக்குப் பதிப்புரிமைச் சட்டமே விலக்குத் தருகிறது. ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை தடை. விடிகாலை முகூர்த்தக்காரர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

நலங்குக்கு ஒலிபெருக்கியே வேண்டாம். பாடத் தெரிந்த இரண்டு பாட்டிகளை உட்காரவைத்து, அப்பளம் உடைக்கும்போதும் தேங்காய் உருட்டும்போதும் கேலிப்பாட்டுப் பாடச் சொல்லுங்கள். சம்பந்தியைக் கிண்டல் செய்ய ஊர் அனுமதித்த ஒரே இடம் அது.

பழைய கார் வாடகைக்கு எடுக்கிறோம். எதைப் பார்க்க வேண்டும்?

நம்பர் பலகையை. 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டியை வின்டேஜ் என்று பதிவு செய்தால் நம்பரில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். அந்த வண்டியை வணிகத்துக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கு மட்டும்தான் சாலையில் எடுக்கலாம். யாராவது அப்படிப்பட்ட காரை வாடகைக்குத் தருகிறேன் என்றால் கும்பிடு போட்டு விலகுங்கள். அம்பாசடர் 2014 வரை தயாரானது, நல்ல நிலையில் இருப்பது இன்றும் கிடைக்கும், மாலை போட்டால் பிளைமவுத்தைவிட நம் தெருவுக்குப் பொருத்தமாகவும் இருக்கும். எந்தக் காராக இருந்தாலும் ஊர்வலத்தை ஒரு கிலோமீட்டருக்குள் வையுங்கள். நடை வேகத்தில் போனால் ரேடியேட்டர் கொதிக்கும். பட்டு வேட்டியோடு கார் தள்ளிய மாப்பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன்.

சாப்பாட்டில் எப்படிப் பழமை கொண்டுவருவது?

எண்ணிக்கையைக் குறைத்து. இப்போது இலையில் முப்பது அயிட்டம் வைத்து இருபதைக் குப்பையில் கொட்டுகிறோம். கேரட், பீட்ரூட், காலிஃபிளவர் எல்லாவற்றையும் 'இங்கிலீஷ் காய்' என்று சொன்ன பாட்டிகள் இருந்தார்கள். அவர்களை நினைத்துக்கொண்டு பூசணி, அவரை, கொத்தவரை, வாழைக்காய், சேனை, சேப்பங்கிழங்கு என்று எழுதுங்கள். பருப்பு, நெய், சாம்பார் அல்லது வத்தக்குழம்பு, ரசம், மோர், இரண்டு கறி, ஒரு கூட்டு, பச்சடி, அப்பளம், வடை, பாயசம், ஒரு இனிப்பு. போதும், நிஜமாகவே போதும். பனீரும் கோபி மஞ்சூரியனும் கேட்கும் இளசுகளுக்கு ரிசப்ஷன் இருக்கிறது.

பித்தளை அண்டாவில் சமைக்க ஆசைப்பட்டால் உள்ளே ஈயம் பூசியிருக்கிறதா என்று பார்த்துத்தான் புளி போட்டதை ஏற்ற வேண்டும். ஈயச் சொம்பு ரசத்தை நூறு பேருக்கு மேல் செய்ய முடியாது; சம்பந்தி வீட்டுப் பந்திக்கு மட்டும் வைத்துப் பெயர் வாங்கிக்கொள்ளலாம். காபி டவரா டம்ளரில். வெயில் நேரத்தில் வருபவர்களுக்குப் பன்னீர் சோடாவோ, விருதுநகரில் 1916-ல் தொடங்கிய காளிமார்க்கின் பவண்டோவோ கண்ணாடி பாட்டிலில் கொடுங்கள்.

பந்தி விசாரிக்க ஆள் போடுங்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பரிமாற கேட்டரிங் பையன்கள் வருவார்கள். ஆனால் வரிசை வரிசையாக நடந்து, "இன்னும் கொஞ்சம் பாயசம் போடச் சொல்லட்டா?", "அக்கா வரலையா?" என்று பெயர் சொல்லிக் கேட்கும் சித்தப்பாவை எந்தக் கம்பெனியும் அனுப்பாது. வீட்டில் அப்படி ஒருவர் நிச்சயம் இருப்பார். அவருக்கு மேடை வேலை எதுவும் கொடுக்காதீர்கள்.

போட்டோ?

அன்றைய பெட்டிக் கேமராவில் ஒரு ஃபிலிம் சுருளுக்குப் பன்னிரண்டு படம்தான். அதனால்தான் எல்லாரும் அவ்வளவு விறைப்பாக நிற்கிறார்கள். டிஜிட்டலில் எடுத்ததைப் பழுப்பு நிறமாக்குவது எளிது, பார்த்ததும் தெரிந்தும்விடும். வழக்கமான போட்டோகிராபர் இருக்கட்டும். ஃபிலிமில் எடுக்கத் தெரிந்த ஒருவரிடம் பெட்டிக் கேமராவுக்குப் போட்ட அதே '120' என்ற அளவு ஃபிலிமில் ஒரே ஒரு கறுப்புவெள்ளைச் சுருள் கொடுத்து, பன்னிரண்டு படங்களை முன்பே எழுதிக்கொள்ளுங்கள். தாலி கட்டும் நேரத்தை ஃபிலிமை நம்பி விடாதீர்கள். முக்காலியில் பூச்சாடி, வரைந்த திரை, இரண்டு நாற்காலி, பெரியவர்கள் உட்கார்ந்து சிறியவர்கள் பின்னால் நிற்கும் குடும்பப்படம்: அதற்குத்தான் ஃபிலிம். பழைய படங்களில் மாப்பிள்ளை உட்கார்ந்திருப்பார், பெண் நிற்பாள். நீங்கள் இருவருமே உட்காருங்கள்.

எங்களுடையது சுயமரியாதைக் குடும்பம். ஐயர், ஓமம் எதுவும் இல்லாமல் பழைய பாணி வருமா?

வராமல் என்ன? பெரியார் தலைமையில் முதல் சுயமரியாதைத் திருமணம் அருப்புக்கோட்டை பக்கம் சுக்கிலநத்தத்தில் 1928-ல் நடந்தது. கிட்டத்தட்ட நூறு வருஷப் பழமை. உறவினர், நண்பர்கள் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றினாலும், தாலி கட்டினாலும் சட்டப்படி செல்லும் என்று 1967-ல் அண்ணா ஆட்சியில் சட்டம் வந்தது, அதற்கு முன் நடந்தவற்றுக்கும் சேர்த்து. உங்கள் மேடைக்கு என்று ஒரு அழகும் உண்டு: தலைமை தாங்குபவர், வாழ்த்துரை, உறுதிமொழி, நான் முன்னால் சொன்ன வாழ்த்து மடல். பேச்சாளர்களுக்கு மட்டும் ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று சொல்லிவிடுங்கள். அந்தக் காலத்தில் அப்படிச் சொல்ல ஆளில்லாமல் சாப்பாடு ஆறிப்போன கதைகள் நிறைய.

பாட்டிக்கே இதில் விருப்பமில்லை. "அதெல்லாம் எதுக்கு?" என்கிறார்.

காரணத்தைக் கேளுங்கள். 1978 வரை பெண்ணின் திருமண வயது சட்டத்தில் 15 என்றே இருந்தது, அதையும் பல வீடுகளில் பார்க்கவில்லை. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-ல் வந்த பிறகும் சீர்வரிசைப் பட்டியல் நீண்டுகொண்டேதான் போனது. தான் பதினாறு வயதில் அழுதுகொண்டு உட்கார்ந்த மணவறையைப் பேத்தி ஆசையாகத் திரும்பக் கட்டுவதைப் பார்க்க அவருக்குக் கஷ்டமாக இருக்கலாம். அப்படியானால் வேறு ஒருவரின் கல்யாணத்தை மாதிரியாக எடுங்கள், பாட்டியை வற்புறுத்தாதீர்கள். ஒருவேளை அவர் அன்றைக்குக் கட்ட ஆசைப்பட்டுக் கிடைக்காத நிறம் ஒன்று இருக்கும். அதைத் தெரிந்துகொண்டு அவருக்கு எடுத்துக் கொடுங்கள்.

செலவு குறையுமா?

சேர்த்துப் பார்த்தால் குறையாது என்றே நினைக்கிறேன். பொருளுக்குப் போகும் பணம் ஆளுக்குப் போகும், அவ்வளவுதான். எல்இடி சுவரும் மேடை அலங்காரமும் போனால் மிச்சமாவதை மேளமும் சமையலும் தறியும் எடுத்துக்கொள்ளும். தாம்பூலப்பை மட்டும் நிச்சயம் லாபம்: மணமக்கள் பெயர் அச்சடித்த மஞ்சப்பையில் தேங்காய், வெற்றிலை, பாக்கு. பை பத்து வருஷம் காய்கறிக் கடைக்குப் போய்வரும்.

கல்யாணம் முடிந்ததும் செய்ய வேண்டியது?

90 நாளுக்குள் பதிவு செய்யுங்கள். தவறினால் அபராதத்தோடு இன்னும் 60 நாள் உண்டு. புடவையை உடனே மடிக்காமல் நிழலில் காற்றாட விட்டு, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, சில மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி வையுங்கள். ஜரிகையில் அந்துருண்டை படக் கூடாது.

ஃபிலிமில் எடுத்த படங்களின் பிரிண்ட் வந்ததும் ஒரு மென்மையான பென்சில் எடுத்து, ஒவ்வொன்றின் பின்னாலும் நிற்பவர்களின் பெயரை இடமிருந்து வலமாக எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறி முன்பக்கம் வந்துவிடும். எங்கள் பாட்டி கல்யாணப் படத்தில் ஓரத்தில் ஒரு சிறுமி கையில் விசிறியோடு சிரித்துக்கொண்டு நிற்கிறாள். யார் என்று சொல்ல இப்போது வீட்டில் யாருமில்லை.